கடைக்குப் பின்னால் ஒரு வகுப்பு

1956-இல் அமெரிக்காவின் தென் கரோலைனா மாநிலம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அரசுச் சம்பளம் வாங்கும் யாரும் என்.ஏ.ஏ.சி.பி. சங்கத்தில் உறுப்பினராக இருக்கக் கூடாது என்றது அந்தச் சட்டம். கறுப்பின மக்களின் உரிமைகளுக்காக நீதிமன்றங்களில் வழக்காடிவந்த சங்கம் அது. நிறத்தைப் பார்த்துப் பள்ளிப் பிள்ளைகளைப் பிரித்துவைப்பது செல்லாது என்ற தீர்ப்பை இரண்டு வருடங்களுக்கு முன்புதான் உச்ச நீதிமன்றத்தில் வாங்கியிருந்தது. அந்த ஆத்திரம் இப்படி இறங்கியது. கறுப்பின ஆசிரியர்களைப் பார்த்து, வேலை வேண்டுமா சங்கம் வேண்டுமா என்று மாநிலம் கேட்டது.

சார்ல்ஸ்டன் நகரத்து ஆசிரியை செப்டிமா கிளார்க் சக ஆசிரியர்களுக்கு 726 கடிதங்கள் அனுப்பினார். சேர்ந்து நின்று எதிர்ப்போம், வாருங்கள் என்று அழைத்தார். பதில் போட்டவர்கள் 26 பேர். மேலதிகாரியைப் பார்க்க அவருடன் படியேறியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். சங்கத்தில் இருப்பதை மறைக்க மறுத்ததால் அவருக்கு வேலை போனது, ஓய்வூதியமும் போனது. அப்போது அவருக்கு 58 வயது. நாற்பது வருடம் பாடம் நடத்தியிருந்தார். அவர் சார்ந்திருந்த பெண்கள் சங்கமொன்று அவருக்காக நிதி திரட்டும் விழா எடுத்தது. ஆனால் அவர் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ள அங்கே ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. அந்தப் படம் யார் கண்ணிலாவது பட்டால் தங்கள் வேலையும் போய்விடுமே என்ற பயம்.

பிற்காலத்தில் இந்தக் கடிதங்களைப் பற்றிப் பேசும்போது, தன் வாழ்க்கையின் பெரிய தோல்விகளில் ஒன்று இது என்கிறார் கிளார்க். தோல்விக்கு அவர் சொல்லும் காரணம்தான் என்னை இந்த மனுஷியிடம் கட்டிப்போட்டது. எழுநூறு கோழைகள் என்று அவர் சொல்லவில்லை. அவர்கள் தயாராக இல்லாத ஒன்றுக்குள் நான் அவர்களைப் பிடித்துத் தள்ளினேன் என்கிறார். தைரியத்தையும் எழுத்தைப் போலப் படிப்படியாகக் கற்றுத்தர வேண்டியிருக்கிறது, அதற்கு உட்கார இடமும் நேரமும் வேண்டியிருக்கிறது என்று அந்த ஆசிரியை புரிந்துகொண்டார். அதற்குப் பிறகு அவர் செய்த ஒவ்வொன்றும் இந்தப் புரிதலிலிருந்தே வந்தது என்று நினைக்கிறேன்.

செப்டிமா 1898 மே 3-இல் சார்ல்ஸ்டனில் பிறந்தார். எட்டுப் பிள்ளைகளில் இரண்டாமவர். தகப்பனார் பீட்டர் பாயின்செட் ஒரு பண்ணையில் அடிமையாகப் பிறந்தவர். டிசம்பரில் செக்கச்செவேல் என்று இலை விரிக்கும் பாயின்செட்டியா செடிக்குப் பெயர் கொடுத்த ஜோயல் பாயின்செட்டின் பண்ணை அது. எஜமானரின் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போவதும், பள்ளி விடும்வரை வெளியே காத்திருந்து திரும்ப அழைத்து வருவதும் சிறுவன் பீட்டரின் வேலை. வாசல்வரை தினமும் போன அந்தப் பையனுக்கு உள்ளே நடந்தது எதுவும் கிடைக்கவில்லை. வளர்ந்து தகப்பன் ஆன பிறகு, மிக மென்மையான அந்த மனிதர் பிள்ளைகள்மேல் கை ஓங்கியது ஒரே ஒரு காரணத்துக்காகத்தான் என்று மகள் சொல்கிறார்: பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அடம்பிடித்தால். தாயார் விக்டோரியா ஹைட்டியில் வளர்ந்தவர், எழுதப் படிக்கத் தெரிந்தவர், வெள்ளைக்காரர் யாருக்கும் தலை குனியாதவர். ஊர்த் துணி வெளுத்துப் பிழைத்தபோதும் அந்த நிமிர்வு அவரிடம் குறையவில்லை. பொறுமையைத் தகப்பனிடமிருந்தும் முதுகெலும்பைத் தாயிடமிருந்தும் எடுத்துக்கொண்டதாக மகளே சொல்லியிருக்கிறார்.

1916-இல் ஏவரி பயிற்சிப் பள்ளியில் படித்து முடித்தார். சார்ல்ஸ்டன் நகரத்து அரசுப் பள்ளிகளில் கறுப்பினப் பிள்ளைகளுக்குக்கூட வெள்ளை ஆசிரியர்கள்தான் பாடம் நடத்தலாம் என்பது அன்றைய விதி. ஆகவே பதினெட்டு வயதுப் பெண் படகேறி ஜான்ஸ் தீவுக்குப் போனார். அப்போது தீவுக்குப் பாலம் கிடையாது. நெட்டுக்குத்தாகப் பலகை அடித்த கட்டடத்தில் பள்ளி நடந்தது. பலகை இடுக்குகளில் காற்று புகும். கணப்பின் பக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கு உடம்பு வேகும், தள்ளி உட்கார்ந்த பிள்ளைக்கு நடுங்கும். மாணவர்கள் 132 பேர், ஆசிரியர்கள் இருவர். இரண்டு பேரில் தலைமையாசிரியை என்பதால் செப்டிமாவுக்கு மாதம் 35 டாலர், மற்றவருக்கு 25. எதிர்ப்பக்கத்தில் வெள்ளைப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி இருந்தது. அங்கே மூன்று மாணவர்கள், ஓர் ஆசிரியை. சம்பளம் 85 டாலர்.

இந்தக் கணக்கைச் சொல்லாமல் அவரைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, நானும் சொல்லிவிட்டேன். ஆனால் அந்தப் பள்ளியில் என் மனம் நிற்பது வேறொரு விஷயத்தில். கரும்பலகையோ போதிய புத்தகமோ இல்லை. சலவைக் கடைகளில் துணி போட்டுத் தரும் பழுப்புத் தாள் பைகளை விரித்து, பிள்ளைகள் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். தீவில் என்ன மரம் நிற்கிறது, என்ன விலங்கு ஓடுகிறது, வழியில் எதைப் பார்த்தாய் என்று கேட்பார். பிள்ளை சொன்ன வாக்கியமே பிள்ளைக்குப் பாடம். பருத்தி வேலை ஓய்ந்த பிறகுதான் பள்ளிக்கு வர முடிந்த பிள்ளைகள் அவர்கள். ஏட்டிலிருந்து தொடங்கினால் எட்டாக் கனியாகப் போகும் எழுத்து, அவர்கள் வாயிலிருந்து தொடங்கினால் அவர்களுடையதாகிவிடுகிறது. இதை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இல்லாமையில் கண்டுகொண்டார், எழுபது வருடம் விடாமல் வைத்துக்கொண்டார்.

இரவில் பெரியவர்களும் வந்தார்கள். தங்கள் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று நாலு வார்த்தை பேச வேண்டும், அதற்குக் கற்றுத் தா என்று ஆண்கள் கேட்டார்கள். பேச்சை எழுதினால் படிக்க வேண்டும், படிக்க எழுத்து வேண்டும். அப்படி ஆரம்பித்தது அவருடைய முதல் முதியோர் வகுப்பு. யாரும் சம்பளம் தரவில்லை. பள்ளிக்கூட வேலைக்கும் ஊர் வேலைக்கும் நடுவே கோடு போட்டுக்கொள்ளும் வழக்கம் அவரிடம் கடைசிவரை இருந்ததில்லை.

நடுவில் இருக்கும் முப்பத்தைந்து வருடங்களை விரைவாகவே சொல்கிறேன். 1919-இல் சார்ல்ஸ்டன் திரும்பி, நகரப் பள்ளிகளில் கறுப்பின ஆசிரியர்களை அமர்த்தக் கோரும் மனுவுக்காக மாணவர்களுடன் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினார். அடுத்த வருடம் அந்த விதி ஒழிந்தது. கடற்படையில் சமையல்காரராக இருந்த நெரி கிளார்க்கை மணந்தார். முதல் குழந்தை பிறந்து ஒரு மாதம்கூட நிற்கவில்லை. மகன் பிறந்த 1925-ஆம் ஆண்டே கணவரும் இறந்தார். ஆசிரியைச் சம்பளத்தில் மகனைத் தன்னோடு வைத்து வளர்க்க முடியாமல் கணவரின் பெற்றோரிடம் விட வேண்டிவந்தது. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் எழுத்துச் சொல்லிக்கொடுத்தவருக்குத் தன் பிள்ளையைத் தூரத்தில் இருந்து பார்க்கத்தான் கொடுத்துவைத்திருந்தது. அவருடைய பெருமைகளைப் பேசும்போது இதையும் சேர்த்தே பேச வேண்டும். அந்த 35 டாலருக்கும் 85 டாலருக்கும் நடுவே இருந்த இடைவெளியின் உண்மையான அளவு இதுதான்.

அதே மாநிலத்தின் கொலம்பியா நகரில் வேலை பார்த்தபடியே விடுமுறைகளில் படித்து 1942-இல் பி.ஏ., 1946-இல் எம்.ஏ. முடித்தார். 1945-இல் சமச் சம்பளம் கேட்டு ஆசிரியர்கள் தொடுத்த வழக்கில் என்.ஏ.ஏ.சி.பி. வழக்கறிஞர் தர்குட் மார்ஷலின் தரப்புக்கு உதவினார், வழக்கு வென்றது. தாயாரைக் கவனிக்க 1947-இல் சார்ல்ஸ்டன் வந்த பிறகு கிறிஸ்தவப் பெண்கள் சங்கமான ஒய்.டபிள்யூ.சி.ஏ., காசநோய்த் தடுப்புச் சங்கம், ஜான்ஸ் தீவில் தொண்டை அடைப்பான் தடுப்பூசி என்று மாலைகளெல்லாம் பொதுவேலைக்கே போயின. சம்பள வழக்கில் தீர்ப்பளித்த நீதிபதி வாரிங்கின் மனைவியை 1950-இல் ஒய்.டபிள்யூ.சி.ஏ.-யில் பேச அழைத்தார். அந்த வெள்ளைக்காரத் தம்பதி கறுப்பின மக்களுக்கு நியாயம் பேசியதற்காகத் தங்கள் இனத்தாராலேயே ஒதுக்கிவைக்கப்பட்டவர்கள். அழைப்பைத் திரும்பப் பெறச் சொல்லி நெருக்கினார்கள். கிளார்க் கேட்கவில்லை. அவர்கள் வீட்டுக்குத் தேநீருக்கும் போனார். வெள்ளைக்காரர்கள் கோபப்பட்டது புரிகிறது. தன் மக்களிலும் பலர் இந்த வீண் வம்பு எதற்கு என்று முகம் திருப்பினார்கள்.

வேலை பறிபோனதும் அவரை வா என்று கூப்பிட்டது டென்னசி மலைப்பகுதியில் மான்ட்ஈகிள் என்ற ஊரில் இருந்த ஹைலேண்டர் நாட்டுப்புறப் பள்ளி. மைல்ஸ் ஹார்ட்டன் 1932-இல் தொடங்கிய அந்த இடத்தில் கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள், ஒரே கூரையின் கீழ் உறங்கினார்கள். அந்த மாநிலங்களில் அன்று அதுவே பெரிய காரியம். வேலை போவதற்கு முன்பே கிளார்க் அங்கே பயிலரங்குகள் நடத்தியிருந்தார். 1955 கோடையில் மான்ட்கோமரியிலிருந்து வந்த, அதிகம் பேசாத தையல்காரப் பெண் ஒருவரும் அதில் கலந்துகொண்டார். அவர் ரோசா பார்க்ஸ். அந்த டிசம்பர் முதல் தேதி பேருந்தில் இருக்கையை விட்டு எழ மறுத்தார்.

ஜான்ஸ் தீவில் இசா ஜென்கின்ஸ் என்பவர் பேருந்து ஓட்டிவந்தார். தீவு மக்களை வேலைக்காகச் சார்ல்ஸ்டனுக்கு ஏற்றிப்போகும் வண்டி அது. தென் கரோலைனாவில் வாக்காளராகப் பதிய வேண்டுமானால் மாநில அரசியல் சட்டத்தின் ஒரு பகுதியை அதிகாரியின் முன்னால் வாசித்துக்காட்ட வேண்டும். தலைமுறை தலைமுறையாகப் பள்ளியை எட்டவிடாமல் செய்துவிட்டு, படிக்கத் தெரியாது என்று வாக்கை மறுக்கும் ஏற்பாடு. ஜென்கின்ஸ் அந்தச் சட்டப் பகுதியை வண்டியிலேயே பயணிகளுக்குச் சொல்லிக்கொடுத்துவந்தார். ஆலிஸ் வைன் என்ற பெண் அதைக் காதால் கேட்டே மனப்பாடம் செய்து, எழுத்து தெரியாமலேயே வாக்காளராகிவிட்டார். ஆனால் அவருக்கு அது போதவில்லை. உண்மையாகவே படிக்க வேண்டும், பள்ளி வேண்டும் என்றார். ஜென்கின்ஸ் ஹைலேண்டரிடம் வந்து கேட்டார்.

பள்ளிக் கட்டடம் தர ஊரில் எல்லோருக்கும் பயம். கடைசியில் ஹைலேண்டர் கடனாகக் கொடுத்த பணத்தில் தீவுக்காரர்கள் ஒரு பழைய பள்ளிக் கட்டடத்தையே வாங்கினார்கள். முன்பக்கம் கூட்டுறவு மளிகைக் கடை. பின்பக்கம் சன்னல் இல்லாத இரண்டு அறைகள். கடைக்கு வரும் வெள்ளைக்காரர் கண்ணுக்கு அது வெறும் கடை. 1957 ஜனவரி 7-ஆம் தேதி அந்தப் பின்னறையில் முதல் வகுப்பு கூடியது. வந்தவர்கள் பதினான்கு பேர்.

பாடம் நடத்த யாரை அமர்த்துவது? அனுபவமுள்ள ஆசிரியர்களைத் தேடியிருக்கலாம். கிளார்க் தேர்ந்தெடுத்தது அழகு நிலையம் நடத்திவந்த தன் உறவுக்காரப் பெண் பெர்னிஸ் ராபின்சனை. எனக்குப் பாடம் நடத்தத் தெரியாது என்று ராபின்சன் எவ்வளவோ மறுத்தார். கிளார்க்கும் ஹார்ட்டனும் விடவில்லை. பட்டமும் பயிற்சியும் உள்ள ஆசிரியர் வயதானவர்களைச் சின்னப் பிள்ளைகளாக நடத்திவிடுவார் என்ற கவலை அவர்களுக்கு இருந்தது. இன்னொன்றும் இருந்தது. முடி அலங்காரக்காரியின் வாடிக்கையாளர்கள் எல்லோரும் கறுப்பினப் பெண்கள். எந்த வெள்ளை முதலாளியும் அவரை வேலையை விட்டு நிறுத்த முடியாது. ஓர் ஆசிரியையின் வேலையை ஒரு தாளில் பறித்துவிடலாம் என்பதைத் தன் உடம்பில் பட்டுத் தெரிந்துகொண்டவர் எடுத்த முடிவு அது. தானே நாற்பது வருடம் ஆசிரியையாக இருந்தவர், தன் தொழிலின் கௌரவத்தை இப்படி ஒதுக்கிவைக்க எவ்வளவு பெரிய மனம் வேண்டும்! ஆசிரியர்களை மதிக்கிறவன் என்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

ராபின்சன் முதல் நாள் தொடக்கப் பள்ளிப் பாடப் பொருள்களோடு போனார். வயலிலும் அடுப்படியிலும் காய்ப்பேறிய கைகளுக்கு அந்தப் பொம்மைப் படங்கள் பொருந்தாது என்று பார்த்ததுமே புரிந்துவிட்டது. எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு, நான் ஆசிரியை இல்லை, நாம் சேர்ந்து படிப்போம், உங்களுக்கு என்ன தெரிய வேண்டும் என்று கேட்டார். பதில்கள் வந்தன. பெயரெழுதத் தெரிய வேண்டும், கைநாட்டு மாதிரிக் குறி போடுகிற அவமானம் தீர வேண்டும். வேதாகமம் வாசிக்க வேண்டும். மணியார்டர் படிவம் நிரப்ப வேண்டும். சாமான் பட்டியலைப் பார்த்துத் தபாலில் பொருள் வரவழைக்க வேண்டும். வெளியூரில் இருக்கும் மகன் போடும் கடிதத்தை அடுத்த வீட்டுக்காரரிடம் நீட்டாமல் தானே படிக்க வேண்டும். இதுதான் பாடத்திட்டம். அட்டையில் பெயரை வெட்டி, அதன்மேல் பென்சிலை ஓட்டி ஓட்டிக் கைக்குப் பழக்கினார்கள். விதைக்கும் உரத்துக்கும் ஆகும் செலவு கணக்குப் பாடமானது. வாக்காளர் பதிவுக்கான சட்டப் பகுதியின் சொற்களை உடைத்து உடைத்துப் படித்தார்கள். சுவரில் ஐ.நா. சபையின் மனித உரிமைப் பிரகடனம் ஒட்டப்பட்டிருந்தது. வகுப்பு முடிவதற்குள் நீங்கள் ஒவ்வொருவரும் இதை வாசித்துவிட வேண்டும் என்றார் ராபின்சன்.

அறுபத்தைந்து வயது மூதாட்டி ஒருவர், பலகையில் எழுதியிருந்த பெயர்களுக்கு நடுவே தன் பெயரைக் கண்டுகொண்டார். எழுந்து வந்து ராபின்சனின் கையிலிருந்த அளவுகோலை வாங்கி, இதோ என் பெயர் என்று ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டுக் காட்டினார். உடம்பெல்லாம் சிலிர்த்துப்போனது என்கிறார் ராபின்சன்.

வாரத்தில் இரண்டு இரவுகள், விளைச்சல் முடிந்து அடுத்த விதைப்பு தொடங்கும் முன் உள்ள மூன்று மாதங்கள். வெள்ளாமையின் போக்கில் பள்ளியை வைத்தார்கள். பக்கத்துத் தீவுகளான வாட்மலாவும் எடிஸ்டோவும் எங்களுக்கும் வேண்டும் என்றன. குடியுரிமைப் பள்ளிகள் என்ற பெயர் நிலைத்தது.

1959 ஜூலை கடைசி நாளன்று காவலர்கள் ஹைலேண்டரைச் சோதனையிட்டார்கள். சாராயம் வைத்திருந்ததாகச் சொல்லி, அறுபது கடந்த கிளார்க்கைக் கைதுசெய்து கொண்டுபோனார்கள். அந்தக் குற்றச்சாட்டு பிறகு கைவிடப்பட்டது. ஹைலேண்டரை மூடுவதற்கான வழக்குகள் மட்டும் ஓயவில்லை. 1961-இல் குடியுரிமைப் பள்ளித் திட்டம் மார்ட்டின் லூதர் கிங்கின் தென்மாநிலக் கிறிஸ்தவத் தலைமை மாநாடு என்ற அமைப்புக்கு மாறியது. ஜார்ஜியாவில் டார்செஸ்டர் என்ற பழைய மிஷன் பள்ளி வளாகம் பயிற்சிக்களமானது. டோரதி காட்டனும் ஆண்ட்ரூ யங்கும் கிளார்க்கோடு சேர்ந்தார்கள். கிராமம் கிராமமாகப் போய், ஊரார் யாருடைய பேச்சை நம்புகிறார்களோ அவரைத் தேடிப் பிடிப்பார்கள். சத்தமாக வாசிக்கவும் பலகையில் தெளிவாக எழுதவும் தெரிந்தால் போதும். பேருந்துகளில் ஏற்றி வந்து ஐந்து நாள் பயிற்சி கொடுத்துத் திருப்பி அனுப்புவார்கள். போன இடத்தில் சமையலறை, திண்ணை, முடிதிருத்தும் கடை, மர நிழல் எல்லாம் பள்ளியாயின. 1957-க்கும் 1970-க்கும் இடையில் 897 பள்ளிகள் நடந்தன என்பது கிளார்க் தரும் கணக்கு.

பயிற்சி முடித்துத் திரும்புவது சுலபமாக இருந்ததில்லை. 1963 ஜூனில் சார்ல்ஸ்டனில் இப்படியொரு பயிலரங்கு முடிந்து வரும் வழியில், மிசிசிப்பியின் வினோனா ஊரில் ஃபேனி லூ ஹேமரையும் அனெல் பாண்டரையும் உடன் வந்தவர்களையும் பிடித்துச் சிறையில் வைத்து அடித்தார்கள். ஹேமரின் உடம்பு அந்த அடியிலிருந்து முழுக்க மீளவே இல்லை. இவர்களைத் தயார்செய்வது என்றால் என்ன என்பதைக் கிளார்க் அறியாமல் செய்யவில்லை. எழுத்துச் சொல்லிக்கொடுப்பவர் எழுதத் தெரிந்த பிறகு வரும் ஆபத்தையும் சேர்த்தே கொடுக்கிறார்.

1965-இல் வாக்குரிமைச் சட்டம் வந்து, எழுத்தறிவுச் சோதனை என்ற சூழ்ச்சியின் முதுகை முறித்தது. அந்த வெற்றியை நினைக்கும்போது நமக்கு வாக்குரிமை கேட்டு மக்கள் நடந்த செல்மா பாலமும் ஊர்வலமும்தான் கண்ணில் வருகின்றன. படம் எடுக்கத் தோதானவை அவை. சன்னல் இல்லாத அறையில் நடந்த வகுப்பை யார் படம் எடுப்பார்? ஆனால் பதிவு அலுவலகத்து வாசலில் போய் நின்ற மனிதருக்கு நிற்கும் தெம்பு அந்த அறையில்தான் ஏறியது.

1975-இல் சார்ல்ஸ்டன் மாவட்டப் பள்ளி வாரியத்தில் கிளார்க் உறுப்பினராக அமர்ந்தார். எந்த நகரத்துப் பள்ளிகள் அவரைத் துரத்தினவோ, அந்தப் பள்ளிகளின் நிர்வாகம் இப்போது அவரையும் கேட்டுத்தான் நடக்க வேண்டும். 1976-இல் மாநில ஆளுநர், அவரை நீக்கியது அநியாயம் என்று ஒப்புக்கொண்டு ஓய்வூதியத்தைத் திரும்பக் கொடுத்தார். பாக்கிச் சம்பளத்துக்கு இன்னும் சில வருடங்கள் ஆயின. வாரிய வேலையோடு, வேலைக்குப் போகும் தாய்மார்களின் குழந்தைகளுக்குக் காப்பகம் அமைப்பதிலும் ஏழைப் பிள்ளைகளுக்கு உதவித்தொகை திரட்டுவதிலும் நாள்கள் போயின. 1987 டிசம்பர் 15-இல் ஜான்ஸ் தீவில் இறந்தார்.

இறப்பதற்கு முந்தைய ஆண்டு, சிந்தியா ஸ்டோக்ஸ் பிரௌன் பதிவுசெய்து தொகுத்த அவருடைய தன்வரலாறு வெளிவந்தது. உள்ளிருந்து தயாராவது பற்றிய தலைப்பு அதற்கு. அதில் கறுப்பின உரிமை இயக்கத்துத் தலைவர்களைப் பற்றி மனம் விட்டுப் பேசுகிறார். கிங்கை உயர்வாக மதித்தவர் அவர். எல்லா ஊர்வலங்களையும் நீங்களே முன்நின்று நடத்தாதீர்கள், ஊருக்கு ஊர் தலைவர்களை உருவாக்குங்கள் என்று ஒருமுறை கிங்குக்குக் கடிதம் எழுதினார். கூட்டத்தில் அதை வாசித்தபோது எல்லோரும் சிரித்தார்கள். இந்த அம்மாள் எதற்குச் செயற்குழுவில் இருக்கிறார் என்று கிங்கின் நெருங்கிய துணைவர் ரால்ஃப் அபெர்னதி திரும்பத் திரும்பக் கேட்டார். பெண்கள் சொல்வதற்கு அந்த ஆண்களிடம் மதிப்பே இல்லை, இயக்கத்தின் பெரிய பலவீனங்களில் ஒன்று அது என்கிறார். அன்று இதையெல்லாம் வெளியே சொல்லவில்லை. பெண்கள் இயக்கம் வந்த பிறகே தனக்கும் இது தெளிவானது என்றும் ஒப்புக்கொள்கிறார். மற்றவர்கள் தயாராகும்வரை காத்திருக்கக் கற்ற ஆசிரியைக்கும் சொல்லத் தயாராக இத்தனை காலம் ஆயிற்று. புத்தகம் வந்தபோது அவருக்கு 88 வயது.